முழுமைக்குப் போர்த்திய பொன்னாடை

செம்பூரில் ஒரு தமிழ் மன்றம் அடித்த அழைப்பிதழில், பேராசிரியர் பிரம்மநாயகத்தின் பட்டங்கள் மட்டும் மூன்று வரிக்கு ஓடின. அன்று அவருடைய டோபாலஜி என்னும் கணித நூலின் வெளியீடு. அட்டையிலேயே அவர் பெயரில் ஒரு தேற்றம்: முழுமையான வெளியைக் கிழிக்காமல், ஒட்டாமல் எப்படி இழுத்து நசுக்கினாலும் அது முழுமையாகவே இருக்கும். முழுமை என்றால் வேறொன்றுமில்லை. ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும் புள்ளிகள், கடைசியில் போய்ச் சேரும் இடமும் அந்த வெளிக்குள்ளேயே இருப்பது. கிங்ஸ் சர்க்கிளில் காபியை ஆறவிட்டு எத்தனை பேருக்கு இதை விளக்கியிருப்பார்! அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

வாழ்த்துரைக்கு வந்திருந்த கல்லூரி ஆசிரியை கோகிலவாணி, மேடைக்குப் பின்னால் அவரை ஓரங்கட்டினாள்.

"சார், தேற்றம் தப்பு."

"அச்சுப்பிழையாம்மா?"

"இல்ல சார், தேற்றமே தப்பு. ரெண்டு பக்கமும் முடிவில்லாத கோடு இருக்குல்லா, அது முழுமை. அதை ரப்பர் மாதிரி நசுக்கி, பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல அடைச்சிருங்க. ஓரத்துப் புள்ளி ரெண்டும் உள்ள கிடையாது. இப்ப அரை, கால், அரைக்கால், மாகாணின்னு நடந்து போங்க. எங்க போய்ச் சேருவீங்க?"

"பூஜ்யத்துல."

"அதான் உள்ள இல்லயே சார்."

பிரம்மநாயகத்துக்குக் குப்பென்று வேர்த்தது. பாடப்புத்தகத்து உதாரணம்!

"இன்னைக்கு மட்டும் சொல்லிராதம்மா."

"புத்தகத்தப் பத்திப் பேசத்தான சார் கூப்பிட்டீங்க?"

பேசினாள். அந்த முடிவில்லாத கோட்டை மேடையிலேயே நசுக்கிக் காட்டி, "ஆகவே இந்தத் தேற்றம் தவறு" என்று முடித்தாள். பிரம்மநாயகம் நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடினார். கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது.

தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருக்கும் மன்றத் தலைவர் நாகராஜ் மைக்கைப் பிடித்தார். "தங்கச்சி பக்காவாச் சொல்லிட்டா! பூஜ்யம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்த ஆளு, நம்ம ஐயா ஒருத்தர்தாம்லா!"

பேராசிரியரின் தோளில் பொன்னாடை விழுந்தது. பிரம்மநாயகத்துக்கே பொறுக்கவில்லை. மைக்கை வாங்கி, "அவங்க சொன்னது சரி. என் தேற்றம் தப்பு" என்றார்.

"பாத்தியளா தன்னடக்கத்த!" என்றார் நாகராஜ். இந்த முறை எழுந்து நின்று தட்டினார்கள்.

கைதட்டாமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியது கோகிலவாணி மட்டும்தான். பிரம்மநாயகம் பொன்னாடை தடுக்கத் தடுக்க வாசல்வரை ஓடினார்.

"ஏம்மா, மத்த தேற்றமாவது சரியா இருக்கா?"

"வரும்போது ட்ரெயின்ல நாலு அத்தியாயம்தான் சார் முடிஞ்சது. போறப்ப மிச்சத்தையும் பார்த்துருதேன்."