நாற்காலி போட்ட இடம்

பிட்ஸ்பர்க்கில் பனி கொட்டினால், வாசலில் கார் நிறுத்தும் இடத்தை அள்ளிச் சுத்தம் செய்தவர் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால் போதும். போலீஸ்காரர்கூட அந்த இடத்தைத் தொடமாட்டார். லொரெய்ன் காலையில் இரண்டு மணி நேரம் இடுப்பொடிய அள்ளி, சமையலறை நாற்காலியைப் போட்டிருந்தாள். முழங்கால் அறுவை முடிந்து அவள் புருஷன் ஸ்டான் இன்று வீடு திரும்புகிறான். தெருவோ செங்குத்தான மேடு; பனிச் சறுக்கலில் அவனால் பத்தடி ஏற முடியாது.

அந்தத் தெருவுக்குத்தான் நகராட்சி 'புத்திசாலித் தெரு' என்று பட்டம் கட்டியிருந்தது. விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கேமரா. காலி இடம் கண்ணில் பட்டால் உடனே செயலியில் ஏற்றிவிடும். அந்த இடத்தை யார் வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம். திட்ட அதிகாரி காலின் டேப்லெட்டும் கையுமாகத் தெருவை அளந்துகொண்டிருந்தான்.

"மேடம், நாற்காலி காரில்லையே. எங்க செயலிக்கு இது காலி இடந்தான்."

"தொட்டுப் பாரு தம்பி, அப்பறம் தெரியும்," என்றுவிட்டு லொரெய்ன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

ஸ்டானோடு திரும்பியபோது நாற்காலி நடைபாதையில் கிடந்தது. இடத்தில், செயலியில் வாடகைக்கு எடுத்து ஓட்டி, கண்ட இடத்தில் விட்டுப்போகும் பகிர்வுக் கார் ஒன்று. ஓட்டி வந்தவர் இறங்கிப் போயாயிற்று. லொரெய்னுக்குக் கீழே தெருமுனையில்தான் இடம் கிடைத்தது. ஸ்டானைக் காரிலேயே விட்டுவிட்டு, மூச்சிரைக்க ஏறிக் காலினிடம் வந்தாள்.

"இந்த வண்டிய எடுக்கச் சொல்லு!"

"யார்கிட்ட மேடம் சொல்றது? இது எல்லாருக்கும் பொது. நீங்களே வாடகைக்கு எடுத்து நகத்திக்கலாமே."

"என் வாசல்ல நிக்கிற வண்டிய நகத்த நான் வாடகை குடுக்கணுமா? நல்லாயிருக்குடா உங்க புத்திசாலித்தனம்!"

ஆத்திரமும் அழுகையும் அவளுக்கு ஒன்றாக முட்டின. சத்தம் கேட்டு எதிர்வீட்டு மிலோ வெளியே வந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முனைக்கு இறங்கினான். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். ஸ்டானை அதில் உட்காரவைத்தார்கள். நாற்காலியின் மூன்று காலைப் பிடிக்க ஆள் ஆயிற்று.

"வேடிக்கை பாக்காம நாலாவது கால நீ புடி," என்று மிலோ, பின்னால் இறங்கி வந்து நின்ற காலினைப் பார்த்துக் கத்தினான். "பகிர்ந்துக்கறதுதானே உன் வேல?"

காலின் டேப்லெட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பிடித்தான். மேட்டில் இரண்டு முறை சறுக்கினான். ஒவ்வொரு முறையும் ஸ்டான் வலியில் பல்லைக் கடித்தான்.

மறுவாரம் நகராட்சி அறிக்கை வீடு வீடாக வந்தது. அட்டையில் கம்பத்துக் கேமரா எடுத்த படம். நாலு பேர் சுமக்கும் நாற்காலியில், பல்லெல்லாம் தெரிய ஸ்டான். கீழே பெரிய எழுத்தில்: 'பகிர்வுப் போக்குவரத்து வெற்றி. பயணியின் முகத்தில் மகிழ்ச்சி.'