கழுவிவைத்த வயல்

ஆடி மாதம் குறுவைப் பயிர் பச்சை பிடித்து வந்த நேரத்தில், எங்கள் வயலுக்கு அடியில் போகும் எண்ணெய்க் குழாய் வெடித்தது. என் தம்பி இனியவன் போனில், "அக்கா, வயல்ல கறுப்பா ஊறுதுக்கா" என்று மட்டும் சொன்னான். நான் சென்னையில் வக்கீல். பேசித்தான் பிழைக்கிறேன்.

திருவாரூருக்குத் தெற்கே எங்கள் ஊர். வயல் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். இந்த ஒரு ஏக்கரைப் போய்ப் பெரிதாகச் சொல்கிறாளே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் தாத்தா அதே வயலில் பண்ணையாளாகக் கிடந்தவர். அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நடவு நட்டு, ஆடு வளர்த்து, அதே பண்ணையிடமிருந்து அதைக் கிரயம் வாங்கினார்கள். எங்கள் வம்சத்தில் எங்கள் பேருக்கு வந்த முதல் நிலம் அது. பத்திரம் பதிந்த அன்று அப்பா வயலுக்குள் செருப்போடு இறங்கி நின்றாராம். பிறகு வெட்கப்பட்டுக் கழற்றிவிட்டாராம்.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். குழாய்க்கு ஒட்டுப் போட்டார்கள். நாலு மூட்டை மணலைக் கொட்டினார்கள். போனார்கள். யார் பொறுப்பு என்று நான் கேட்டபோது, உள்ளூர் அலுவலகம் ஒப்பந்தக்காரரைக் காட்டியது. ஒப்பந்தக்காரர், குழாய் பதித்த காலத்தில் நான் இல்லை என்றார். தலைமை அலுவலகத்தில் ஒருவர் மிகவும் மரியாதையாக, "குழாய்க்கு வயசாயிடுச்சு மேடம்" என்றார், ஏதோ எண்பது வயதில் படுக்கையில் போனதுபோல. வயசான குழாய்க்கு மேலே எங்களை ஏன் பயிர் வைக்க விட்டீர்கள் என்று கத்தினேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். காவல் நிலையத்தில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். விபத்து என்றால் செய்தவர் என்று ஒருவர் இருக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் ஒரு குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். போர்க்குற்றம், இனப்படுகொலை மாதிரி, மண்ணையும் நீரையும் பெரிய அளவில் அழிப்பதையும் சர்வதேசக் குற்றமாக்க வேண்டும் என்று சில தீவு நாடுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கடல் வாசல்வரை வந்துவிட்டவர்கள், கேட்காமல் என்ன செய்வார்கள். அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. வந்தாலும் நடந்து முடிந்ததற்குச் செல்லாது. இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தச் சட்டத்துக்காகப் பாடுபடும் அந்தக் குழு, நாடு நாடாகப் போய் அழிந்த இடங்களை நேரில் பார்த்து, மண்ணெடுத்துப் பரிசோதித்து, அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது. அந்த அறிக்கையில் எங்கள் வயல் ஏறிவிட்டால், இது தானாக நடந்ததல்ல, இன்னார் செய்தது என்று உலகத்தில் ஓரிடத்திலாவது எழுதியிருக்கும். எனக்குப் பணம் வேண்டாம். யாராவது ஒரு மனிதர் வாயைத் திறந்து, ஆமாம், நாங்கள்தான் செய்தோம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்காக விடாமல் எழுதி அவர்களைச் சம்மதிக்க வைத்தேன்.

அம்மாவுக்குப் போனில் விளக்கினேன்.

"சேதம் கடுமையா இருக்கணும்மா. அதோட பரவலா இருக்கணும், இல்லன்னா ரொம்பக் காலம் நீடிக்கணும். அப்பதான் அந்தக் குற்றத்துல சேரும்."

"மூணு மா பரவல் இல்லியா?"

"அவங்க கணக்குக்குப் பத்தாதும்மா."

"ரொம்பக் காலம்னா எம்புட்டு?"

"பல வருஷம்."

"அப்ப அதுல தேறிடும்" என்றாள் அம்மா. பரீட்சையில் ஒரு பாடத்திலாவது பாஸாகிவிட்ட நிம்மதி அவள் குரலில் இருந்தது.

படங்கள் மட்டும் போதாது, மண் அப்படியே கிடக்க வேண்டும் என்று குழுவினர் சொல்லியிருந்தார்கள். படத்தைக் காட்டினால் இது வேறு ஊர் என்று கம்பெனி சொல்லிவிடுமாம். ஆகவே இனியவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். உழக் கூடாது, விதைக்கக் கூடாது, தண்ணீர் கட்டக் கூடாது. அவன் சொன்னபடி கேட்டான். சுற்றிலும் சம்பா நடவு முடிந்து பச்சையாக நிற்க, நடுவில் எங்கள் வயல் மட்டும் தார் ஊற்றினதுபோலக் கிடந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாக அவன் சொன்னான்.

ஐப்பசி முதல் வாரத்தில் வருவதாகத் தகவல் வந்தது. வெளிநாட்டிலிருந்து எலேன் என்ற மூத்த வக்கீல், தில்லியிலிருந்து மண் ஆராய்ச்சி செய்கிற ஒருவர்.

"நம்ம வயலப் பாக்க வர்றாங்கம்மா" என்றேன்.

"பாக்க வர்றாங்களா" என்றாள் அம்மா. பிறகு, "எத்தனை பேரு, இளநி வெட்டி வைக்கவா?" என்று கேட்டாள். வெட்டி வை என்றேன்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து அவர்கள் இருவரையும் நானே காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். வழி நெடுக எலேன் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார். நல்ல மனுஷி. தாமதமாக வருவதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த விஷயத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல்முறை.

மதகடியில் காரை நிறுத்தி இறங்கினேன். வழி தப்பி வேறு வயலுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

வயல் சுத்தமாக இருந்தது. கறுப்பு போன இடம் தெரியவில்லை. எண்ணெய் ஊறிய மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, குளத்து வண்டலைக் கொண்டுவந்து நிரவியிருந்தார்கள். வரப்புகளைச் செதுக்கி, மண் அணைத்துப் பூசியிருந்தார்கள். மதகுக் கட்டைமேல் கோலம் போட்டிருந்தது. வரப்பில் அம்மா நின்றிருந்தாள், தீபாவளிக்கென்று நான் வாங்கிக் கொடுத்த புடவையில். பின்னால் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், இளநீர்க் குலையோடு.

எலேன் சுற்றிலும் பார்த்துவிட்டு, எவ்வளவு அழகான இடம் என்றார். அதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"ஏன், நல்லால்லியா?"

"தொடக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

இனியவன் குறுக்கே வந்தான். "உழக் கூடாதுன்ன. வெதைக்கக் கூடாதுன்ன. தண்ணி கட்டல, ஒண்ணும் பண்ணலக்கா. அம்மா சுத்தம்தான பண்ணுச்சு."

அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள். அவள் கை சொரசொரவென்று இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியும் நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"அத்தனை தூரத்துலேருந்து பாக்க வர்றாங்க பூவிழி. எப்படி அப்படியே போட்டு வைக்கிறது? செத்தவங்களப் பாக்க வந்தாலே குளிப்பாட்டித்தான கெடத்துவோம். ஒங்கப்பாவத்தான் அந்தக் கொரோனாவுல பொட்டலமா கட்டிக் குடுத்தானுவ. மொகம் தொடைக்க விட்டானுவளா? இதையும் அப்படியே அழுக்கோட காட்டச் சொல்றியா?"

அம்மாமேல் வந்த ஆத்திரம் எங்கே போய் முட்டுவது என்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. எனக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் ஊரில் கூட்டி மெழுகத்தான் செய்வார்கள்.

ஆராய்ச்சிக்காரர் ஏழெட்டு இடத்தில் துளையிட்டு மண்ணெடுத்தார். முகத்திலேயே தெரிந்துவிட்டது. அடியில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் மேல்மண் இங்கேயுள்ளது இல்லை, எல்லாம் கலந்துவிட்டது, எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் இதை உடைத்துவிடும் என்றார். எலேன் என் தோளில் கை வைத்து, அறிக்கையில் சேர்க்க முடியாது, வருந்துகிறேன் என்றார். பிறகு எல்லோரும் இளநீர் குடித்தார்கள். கார் கிளம்பும்போது அந்தப் பெண்கள் கும்பிட்டு வழியனுப்பினார்கள்.

"திருப்தியாப் போனாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"போனாங்க."

மறுநாள் மழை பிடித்தது. ஐப்பசி மழை, விடாமல் பெய்தது. நான் சென்னைக்குத் திரும்ப மனமில்லாமல் வீட்டிலேயே கிடந்தேன். சுரண்டி எடுத்த கறுப்பு மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தூர் வாரினால் மண்ணை வாய்க்கால் கரையில் கொட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பெண்களும் காலங்காலமாக அப்படித்தான் கொட்டியிருக்கிறார்கள். இதையும் வடிகால் கரையில் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். மழையில் கரை சரிந்து, குவியல் அத்தனையும் வடிகாலுக்குள் போய்விட்டது. அந்த வடிகால் போய்ச் சேரும் கீழூரில், குத்தகைக்கு மீன் வளர்க்கும் குட்டைகளில் மீன்கள் வெள்ளையாக மிதந்தன.

மழை விட்ட அன்று ஜீப் வந்தது. குழாய் வெடித்து மூன்று மாதமாகியும் எட்டிப் பார்க்காத மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர், சேற்றில் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வடிகால் கரைவரை நடந்தார். கிராம நிர்வாக அலுவலர் குடை பிடித்தார். நாங்கள் பின்னால் போனோம்.

"இந்த மண்ண யாரு இங்க கொட்டினது?" என்று அதிகாரி கேட்டார்.

நான் அம்மாவின் காதருகில், "நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்" என்றேன். என்னிடம் வழக்கோடு வரும் எந்தக் கட்சிக்காரருக்கும் நான் சொல்லும் முதல் வார்த்தை அதுதான்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"நான்தாங்க கொட்டினேன்."

"யார் சொல்லிக் கொட்டினீங்க?"

"யாரும் சொல்லலங்க. இந்தப் பொம்பளைங்களக் கூப்ட்டதும் நான்தான். அவங்க பேர எழுதாதீங்க. கீழூர்ல யாரு கொளம்னு சொல்லுங்க, நானே போயி அவங்க காலுல விழறேன்."

"சார், இது எண்ணெய்க் குழாய் வெடிச்சதுல வந்தது. அந்தக் கம்பெனிதான்—" என்று நான் குறுக்கிட்டேன்.

"அது விபத்து மேடம், அது வேற" என்றார் அதிகாரி. கோபமில்லாமல்தான் சொன்னார். "தண்ணியில கொட்டினது யாருன்னுதான் எனக்குக் கேள்வி. அவங்களே ஒத்துக்கிறாங்க." அவர் அம்மாவின் கைகளைப் பார்த்தார். பிறகு தாளை எடுத்தார்.

"பேர் என்ன?"

"தங்கம்மாள். வைரக்கண்ணு பொஞ்சாதி."

இத்தனை பேரிடம் இத்தனை மாதம் நான் கேட்டு அலைந்த பதிலை, ஒரே கேள்வியில் என் அம்மா சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, தப்பு செய்த பிள்ளைபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரி பெயரைத் திரும்பவும் கேட்டுப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. நீர்நிலையில் கழிவு கொட்டினால் என்ன தண்டனை என்பதற்குச் சட்டம் எப்போதோ வந்துவிட்டது.