தாங்கியின் மேல் பதினைந்து நிமிடம்

தாஹிர் கையெழுத்திட மறுத்தான்.

தட்டச்சு செய்த தாள் மேசைமேல் கிடந்தது. 'ஏழாம் எண்ணெய்த் தாங்கியின் மேல் கடமை நேரத்தில் தூங்கிவிட்டேன். மன்னிக்கவும்.' கீழே அவனுடைய பெயர்.

"ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சுபோம்," என்றார் மேற்பார்வையாளர் குலசிங்கம். "இல்லையெண்டா விசாரணை. வேலை போம். யோசிச்சுப்போட்டு மத்தியானத்துக்கு முந்தி வாரும்."

சீனன்குடா எண்ணெய்க் கிடங்கில், கப்பலிலிருந்து தாங்கிக்கு ஏற்றிய எண்ணெயை உடனே அளக்க முடியாது. தாங்கிக்குள் அது அசைந்துகொண்டிருக்கும். அளப்பவன் மேலே ஏறி, மூடியருகே பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை உள்ளே இறக்க வேண்டும். தாஹிருக்கு இதில் பதினொரு ஆண்டுகள். பத்து ஆண்டுகள் அந்த நேரமெல்லாம் வீட்டுக் கூரை, மகளின் காய்ச்சல், கிண்ணியாவுக்குத் திரும்பும் தோணி என்றே போயிற்று.

சென்ற மாரியில் ஒரு நாள், ஒரு நினைப்பு முடிந்தது. அடுத்தது வரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு கூரை வந்தது.

மறுநாளும் அந்த இடைவெளி வருமா என்று பார்த்தான். தேடிய நாட்களில் அகப்படவில்லை. தேடாத நாட்களில் இரண்டு, மூன்று. யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கென்று வேறெதுவும் இருக்கவில்லை.

நேற்றுப் பதினொரு மணிக்குக் குலசிங்கம் தாங்கியின் ஏணியில் ஏறி வந்து பார்த்தார். தாஹிரின் கண்கள் மூடியிருந்தன. கூப்பிட்டதும் எழுந்து நின்றான்.

தாஹிர் வெளியே வந்தபோது பம்பு அறை வாசலில் உடன் வேலை செய்யும் றஊப் நின்றான். இருவரும் ஒரே ஊர்; மூத்தவனான தாஹிரை அண்ணன் முறையில் 'காக்கா' என்பான்.

"காக்கா, தொழுதனான் எண்டு சொல்லுங்க. தொழுகைக்கு இஞ்ச தடையில்லதானே."

"பதினொரு மணிக்கு என்ன தொழுகை?"

"முற்பகல்ல தொழுற லுஹா எண்டு சொல்லுங்க. குலசிங்கத்தாருக்கு விளங்கவா போகுது?"

"தொழாத தொழுகையத் தொழுதன் எண்டு சொல்லவா?"

"அப்ப நித்திரை எண்டு ஒத்துக்கொள்ளுங்க. ஆரு கொள்ளாத நித்திரை? நான் நேத்து ரெண்டு தரம்."

"நீ கொண்டாய். நீ கையெழுத்து வை."

றஊப் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு நாலு புள்ள காக்கா," என்றான்.

"ஓம்."

தாஹிர் மேற்பார்வையாளரின் அறைக்குத் திரும்பினான். அவர் பேனாவை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"நித்திரை கொள்ளல்ல ஐயா."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு என்ன செய்தனீர்?"

"ஒரு நினைப்பு முடிஞ்சி மத்தது வரல்ல. அதப் பாத்துக்கிட்டிருந்தனான்."

"அதுக்கோ உமக்குச் சம்பளம்?"

"காத்திருக்கிறதுக்குச் சம்பளம். காத்திருந்தனான். அளவு பிழையா?"

குலசிங்கம் பதிவேட்டைப் புரட்டினார்.

"அளவு சரி."

"நீங்க கூப்பிட்டதும் எழும்பினன்தானே?"

"எழும்பினீர்." பதிவேட்டை மூடினார். "என்ன காணும், சாமியாராகப் போறீரோ?"

"அதுக்கு வேற ஆள்கள் இருக்காங்க."

குலசிங்கம் ஒரு வெறுந்தாளை எடுத்து வைத்தார். "அப்ப உம்மட கையால எழுதும். அப்படியே மேலிடத்துக்கு அனுப்புறன். பிறகு என்னில குறை சொல்லாதேயும்."

இப்போது தாஹிர் பேனாவை வாங்கினான். நின்றபடியே எழுதினான்.

'பதினொரு மணிக்கு நான் விழித்திருந்தேன். எண்ணெய் நிலைக்கும்வரை காத்திருந்தேன். அப்போது மனம் சிறிது நேரம் பேசாமல் இருந்தது. அதைக் கவனித்தேன். இதில் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை.'

கையெழுத்திட்டான்.

குலசிங்கம் வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"இதைப் பாத்தா உமக்கு விசர், மூளை சரியில்லை எண்டு வேலையால நிப்பாட்டுவாங்கள்."

"நிப்பாட்டட்டும். நித்திரை எண்டு நிப்பாட்ட ஏலாது."

"நாளைக்கு வேலைக்கு வராதேயும். கடிதம் வரும்."

"ஓம். எழுதினதில ஒரு கொப்பி எனக்கும் வேணும்."

"உமக்கு எதுக்கு?"

"ஏன் வேலைக்குப் போகல்ல எண்டு வீட்ட கேப்பாங்க," என்றான் தாஹிர்.