நெமிலிச்சேரியில் இரண்டாம் தடவை விடிந்தது

நெமிலிச்சேரியில் ஒரே நாளில் இரண்டு தடவை சூரியனை உதிக்க வைத்தவர் ஜம்புலிங்கம். அவரே சொன்னது. மேற்கே இறங்கிய சூரியனைக் காதைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தாராம். அடைந்திருந்த கோழியெல்லாம் விடிந்துவிட்டதென்று வெளியே வந்து மேய்ந்தனவாம். சேவல் கூவிய கூவலில் ஆவடிப் பக்கம் போன ரயில் தயங்கி நின்றதாம்.

ஊமைப்படக் காலத்தில், இந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் கேமராவை நட்டுப் படமெடுத்த முதலாளி அவர். இப்போது 1939. படங்கள் பேசக் கற்றுக்கொண்டு எட்டு வருஷம் ஆகிறது. அவர் பேச்சுதான் நின்றபாடில்லை. அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் தினமும் சாயங்காலம் அவர் கச்சேரிதான். கேட்பவர்கள் சிரித்துவிட்டு ரயிலேறுவார்கள். நுங்கு விற்கும் கன்னியம்மாள் மட்டும் சிரிக்கமாட்டாள். தலை நிமிராமல், "பொய்யி" என்பாள். பதினான்கு வருஷமாக அந்த ஒரு சொல்தான்.

அன்று பட்டணத்திலிருந்து வரதன் என்கிற பத்திரிகைக்காரர் வந்திருந்தார். ஊமைப்பட முதலாளிகளைப் பற்றிப் புத்தகம் போடப்போகிறாராம்.

"படச்சுருள் ஒண்ணாவது இருக்குதுங்களா?"

"எரிஞ்சிபோச்சு."

"அப்போ கூட இருந்தவங்க யாராச்சும்? ஒரு சாட்சி போதும். இல்லேன்னா உங்க பேரைப் போட முடியாதுங்க."

ஜட்கா ஓட்டும் நிஜாமுதீன் குதிரைக்குப் புல் போட்டபடி சொன்னான்: "சூரியனையே கேட்டுப் பாருங்க சார். டெய்லி இந்தாண்டதான் போய்க்கினு கீறாரு."

ஜம்புலிங்கத்தின் கண் நுங்குக் கூடைப் பக்கம் போய்த் திரும்பியது. சாட்சி பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். கதாநாயகி வாசலில் காத்து நிற்கும் காட்சி, வெளிச்சம் போய்விட்டது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டிவரும் வெள்ளித்தாளைப் பலகைகளில் ஒட்டி, பனையேறிகளை மர உச்சிக்கு ஏற்றி, அங்கே மிச்சமிருந்த கடைசி வெயிலைப் பிடித்துக் கீழே அனுப்பச் சொன்னார். ஒரு நிமிஷம் வாசல் பொன்னாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் நின்றவள் பதினேழு வயதுக் கன்னியம்மாள். "சும்மா போட்டோதான்" என்று அவள் அப்பனிடம் சொல்லி அழைத்துவந்திருந்தார்.

பூந்தமல்லிக் கொட்டகையில் படம் ஓடியது. திரையில் அவள் முகம் வந்ததும் சீட்டியடித்தார்கள். நூம்பலிலிருந்து வந்து அவளுக்குப் பரிசம் போட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மறுநாளே கல்யாணம் நின்றது. அப்புறம் எதுவும் கூடிவரவில்லை. அப்பன் வந்து அழுதான். அவன் கண்ணெதிரே ஆறு சுருளையும் ஜம்புலிங்கமே கொளுத்தினார். இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று வாக்கும் கொடுத்தார். நாக்குதான் கேட்கவில்லை. அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டுச் சூரியனை வைத்துக்கொண்டது.

"யாரையாவது சொல்லுங்க ஐயா," என்றார் வரதன். "ரயில் வந்துரும்."

ஒரு பெயர் சொன்னால் போதும், புத்தகத்தில் ஏறிவிடலாம். ஜம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுதாதீங்க தம்பி. அத்தினியும் பொய். நான் படமே எடுக்கல."

நிஜாமுதீன் வாயைப் பிளந்தான். "இன்னா மொதலாளி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

வரதன் பேனாவை மூடினார். கன்னியம்மாள் நுங்கு சீவும் கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தாளுக்கு ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியல," என்றாள். "பேனாவைத் தொற சாமி. வாசல்ல நின்ன பொண்ணு நான்தான். கண்ணு கூசிச்சு. மூடாதேன்னு கத்தினாரு, நானும் மூடல. அப்பனும் போய்ட்டாரு, இனிமே யாருக்காவ மறைக்கிறது? எழுதிக்க. நடந்தது நெசந்தான்."