கறுப்புன்னா கறுப்பு

தையற்கடைக் கதவிலிருந்து முதல் காக்கை பறந்து போனபோது பெயின்ட் இன்னும் காயவில்லை. அழுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் தையற்காரி கறுப்புக் கேட்டிருந்தாள். பெயின்டர் டப்பாக்களில் மிச்சமிருந்ததையெல்லாம் வழித்துக் கலந்து அடித்ததில், மேலே விழுந்த வெயில் திரும்பி வராத ஒரு கறுப்பு கிடைத்துவிட்டது. "அண்டங்காக்கா மாதிரி வந்திருக்குக்கா" என்று சொல்லி அவர் வாயை மூடவில்லை, கதவிலிருந்து ஒரு காக்கை கிளம்பி எதிர்வீட்டுக் கம்பியில் உட்கார்ந்தது. அந்தக் கறுப்பை எதோடு ஒப்பிட்டாலும் அது வந்துவிடும் என்று தெருவுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகாவது வாயை அடக்கினார்களா என்றால் இல்லை. சும்மா இருக்கிற கதவைச் சும்மா விட நம் ஜனங்களுக்கு வராது.

எதிர்வீட்டுக்காரி, "கடையா இது? எழவு வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மதியத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். கடையில் இருந்த ஒரே ஆண், ஜன்னலோரம் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையற்காரியின் புருஷன். அவரைப் பார்த்து அழுதார்கள், நல்ல மனுஷனாக இருந்தார் என்றார்கள். முதல் நாள் அவர் சண்டை போட்டார். மறுநாள் காது கொடுத்தார். மாதக் கடைசியில், "எனக்கு டீன்னா உசுரா இருந்துச்சு" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். அவர் உள்ளங்கையின் வழியாகக் கீழே இருந்த சட்டையின் கோடுகள் தெரிந்தன. தையற்காரி கதவுக்கு இரண்டு கை வெள்ளை அடித்தாள், கறுப்பு அதைக் குடித்துவிட்டது. புதுக் கதவே மாட்டினாள், அதுவும் விடிவதற்குள் கறுத்துப்போனது.

கடைசியில் மாடியில் குடியிருந்த கவிஞரைக் கூப்பிட்டு, "ஒரு நல்ல வார்த்தையா சொல்லுங்க சார், இவங்க எந்திரிச்சுப் போகட்டும்" என்றாள். அவரிடம் யாரும் அதுவரை கவிதை கேட்டதில்லை. கூந்தல் என்றார், கதவு முழுக்க முடி வளர்ந்து, தினமும் கடை திறக்குமுன் சிக்கெடுத்துப் பின்ன வேண்டியிருந்தது. மழைமேகம் என்றார், முழங்கால் தண்ணீரில் பட்டுத்துணிகள் மிதந்தன. இரவு என்றார், அளவு கொடுக்க வந்த பெண்கள் கையைத் தூக்கியபடியே தூங்கினார்கள். அழகான வார்த்தைகளுக்கு ஆயுசு குறைவு, இரண்டு நாளில் ஓய்ந்தன. அழ வந்தவர்கள் மட்டும் அசையவில்லை. கறுப்பைக் கண்டால் ஒன்று துக்கம், இல்லாவிட்டால் கவிதை. நடுவில் நிறம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தோன்றவில்லை.

'மாதிரி' என்ற சொல்லை இங்கே பேசக் கூடாது என்று பலகை மாட்டினாள். தையற்கடை ஓடுவதே அந்தச் சொல்லில்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பழைய ஜாக்கெட்டோடு வந்தவர்கள், "இது... இதே..." என்று திணறி, வெறுத்துப்போய் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். கவிஞரோ போல, ஒப்ப, அன்ன என்று ஆரம்பித்தார். கதவுக்கு இலக்கணமும் தெரிந்திருந்தது.

ஒரு மத்தியானம் புருஷனின் விரல் வழியே ஊசி நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்து, "நான் நல்லாத்தான் காஜா எடுத்துக்கிட்டிருந்தேன்" என்றார். தையற்காரி மிஷினை நிறுத்தினாள். எழுந்து போய்க் கதவை எட்டி உதைத்தாள்.

"நீ எது மாதிரியும் இல்ல! கறுப்புன்னா கறுப்பு, அவ்வளவுதான்! ஏன், அது ஒருத்தருக்கும் போதாதா?"

கதவு கறுப்பாக நின்றது. உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள், கூச்சத்தோடு செருப்பைத் தேடினார்கள். புருஷன் தலையைத் தூக்கி, "பசிக்குது" என்றார். அவள் கதவடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்தக் கடையில் உண்மையாக அழுதது அவள் ஒருத்திதான்.

போகிறவர் வருகிறவர் இன்னும் ஏதாவது சொல்லிவைக்கிறார்கள். அதனால் தினமும் கடை திறக்கும்போது அவள் அதே எரிச்சலோடு "கறுப்புன்னா கறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் மிஷினில் உட்காருகிறாள். அழ வந்தவர்களில் ஒருவர் மட்டும் திரும்பிப் போகவில்லை. அவருக்குப் பட்டன் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வப்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். துணி நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.