பிப்ரவரிக்கு முப்பது நாள்

ஆறு கணினிகளும் இன்னொரு வருஷம் பள்ளியில் இருக்குமா என்பது வியாழக்கிழமை தெரிந்துவிடும். அவற்றைக் கொடுத்த சுரங்க நிறுவனத்தின் சமூகப் பணிப் பிரிவிலிருந்து மெருவெர்த் என்ற பெண் அதிகாரி அல்மாத்தி நகரத்திலிருந்து வருகிறார்.

ஒரின்பெக் இயற்பியல் ஆசிரியர்; பிள்ளைகள் அவரை 'அகாய்' என்று மரியாதையாக அழைப்பார்கள். பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, நிரல் எழுதச் சொல்லித்தரும் வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிள்ளையை முக்காலிமேல் ஏற்றிப் பாட்டுச் சொல்ல வைப்பார்களே, அப்படி. ஆடு வேலியைத் தாண்டும் பதினெட்டு வரி நிரலை இரண்டு வாரம் மனப்பாடம் செய்ய வைத்தார்.

"எங்க தாத்தா நாப்பது வருஷம் மேய்ச்ச ஆட்டை நான் மூணு நிமிஷத்துல மேய்ச்சுட்டேன் அகாய்" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

அக்போத்தா மட்டும் வேறு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்குச் சுரங்கத்தில் பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் வீடு. அவர் எந்தத் தேதியில் வருவார் என்று அவளுடைய நிரல் சொல்லும்.

"மார்ச் அஞ்சாம் தேதி வருவார்னு சொல்லிச்சு அகாய். அம்மா பௌர்சாக் பணியாரம் எல்லாம் சுட்டு வச்சாங்க. அவர் வந்தது ஏழாம் தேதி. எல்லா மாசத்துக்கும் முப்பது நாள்னு எழுதிட்டேன். பிப்ரவரியை எப்படிச் சரி பண்றது?"

ஒரின்பெக்குக்குத் தெரியவில்லை.

"விருந்தாளி முன்னாடி தப்பா எதுவும் இருக்கக் கூடாது. நீயும் ஆட்டு நிரலையே அடி" என்றார்.

வியாழக்கிழமை ஆறு திரைகளிலும் ஆறு ஆடுகள் பிசகில்லாமல் வேலி தாண்டின. மெருவெர்த் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார். பிறகு தேநீர் அறையில் பௌர்சாக்கைத் தேனில் தோய்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரின்பெக் அகாய், அசத்திட்டீங்க. ஒரு பிள்ளைகூடத் தடுமாறல. இனி இவங்களுக்கு நாங்க தேவையில்ல. பக்கத்து ஊர்ல இன்னும் ஒண்ணுமே தெரியாம இருக்காங்க. கம்ப்யூட்டரை அங்க அனுப்பிடலாம்."

ஒரின்பெக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"இல்ல மேடம். இவங்க இன்னும் கத்துக்கல. நான் மனப்பாடம்தான் பண்ண வச்சேன்."

"உங்க அடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சிரித்தார் அவர்.

"ஒரு நிமிஷம் வந்து பாருங்க." ஒரின்பெக் அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினார். அக்போத்தா மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்போத்தா, உன் அப்பா கணக்கைக் காட்டு. அந்தத் தப்பையும் காட்டு."

அவள் அதிகாரியைப் பார்த்தாள், ஆசிரியரைப் பார்த்தாள்.

"அழிச்சுட்டேன் அகாய். தப்பா எதுவும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மெருவெர்த் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "எவ்வளவு ஒழுங்கான பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தார்.

திங்கட்கிழமை கணினிகள் போயின. பெட்டிகளை ஏற்றும்போது அக்போத்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

"பிப்ரவரியை எப்படி அகாய் சரி பண்றது?"

"எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கும் தெரியாது."



"அதை அந்த அம்மாகிட்ட கேட்டிருக்கலாமே. அவங்க ஆபீஸ்ல யாருக்காவது தெரிஞ்சிருக்கும்."

லாரி கிளம்பியது. கேட்டிருந்தால், ஒரு சின்னப் பெண்ணின் சந்தேகத்தைத் தன் சந்தேகமாக எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தக் கணினிகள் இன்னும் மேசைமேல் இருந்திருக்கும் என்று ஒரின்பெக்குக்குத் தோன்றியது.

"அப்பா எப்ப வர்றார்?" என்று மட்டும் கேட்டார்.

அக்போத்தா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.