உறங்காத கார்

கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகக் காரை நம்பவைக்க வேண்டியிருந்தது. அகல்யா கதவுச் சட்டத்திலிருந்த சின்ன ரப்பர் பொத்தானை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்திருந்தாள். விரலை எடுத்தால் கூரை விளக்கு எரியும். மீட்டரில் எண் ஏறும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. வலது கையால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குரல் கொடுத்துவிட்டு, திரும்பச் செருகினாள். பானெட்டின் அந்தப் பக்கம் அவள் கணவன் கந்தசாமி மின்னோட்டம் அளக்கும் மீட்டரோடு நின்றிருந்தான். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்திருந்தார்கள்.

"எடுத்துட்டனுங்க. பாருங்க."

"அதேதான்."

"இப்போ?"

"அதேதான்னு சொல்றேன்ல?"

நின்றிருக்கும் கார் மின்சாரத்தை அநேகமாகத் தொடவே கூடாது. இது யாருக்கும் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தது. கந்தசாமி வாரம் முழுவதும் கம்பெனி பஸ்ஸில் ரஞ்சன்காவ் போய்வந்தான். ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பினால் கார் ஒரு முனகலோடு அடங்கிவிடும். புது பேட்டரி போட்டும் அதே கதை. புனே மகர்பட்டாவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் அந்தக் காரைத் தள்ளாதவர்களே இல்லை. இப்போதும் மாடிப்படியில் இறங்கிய தேஷ்முக், "கந்தசாமி சாஹேப், பைல் ஜோடா!" என்று, மாடு பூட்டச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். கந்தசாமியும் சிரித்தான். பிறகு திரும்பி அவளிடம் எரிந்து விழுந்தான்.

"அஞ்சு மணி வரைக்கும்தான். அதுக்குள்ள கோளாறு ஆப்டலைன்னா, வெல பேசி வச்சிருக்கற ரஃபீக் பாய் வந்து எடுத்துட்டுப் போயிருவாரு. தினமும் இதோட மல்லுக்கட்ட என்னால ஆகாது."

நாளை காலை ஏழு மணிக்கு அகல்யா கசார்வாடியில் இருக்க வேண்டும். வால்வு செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. டிப்ளமா முடித்து, கல்யாணமாகி, புனே வந்து, நான்கு சுவர்களுக்குள் சும்மா கிடந்த பிறகு கிடைத்தது. அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் விடும் பஸ் எதுவும் இல்லை. லைசென்ஸ் வாங்கியிருந்தாள். கார்தான் இல்லை, இருந்தும் இல்லை. ஒவ்வொரு தடவை அது கிளம்ப மறுக்கும்போதும் அவள் கந்தசாமியின் முகத்தைக் கவனித்திருக்கிறாள். கோபம் வரும், திட்டுவான், டயரை உதைப்பான். ஆனால் அதற்கு முன்னால், ஒரு கணம், நிம்மதி போல அவன் தோள்கள் தளர்ந்து இறங்கும். கசார்வாடிக்குப் போகும் பழைய மும்பை ரோட்டு லாரிகளைப் பற்றி அவன் சொல்லாத நாளில்லை. அவளுக்காகப் படும் பயமா, வேறு எதாவதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஃப்யூஸை இழுத்தாள்.

"என்னங்க?"

"இரு." சற்றுக் கழித்து, விருப்பமில்லாத குரலில், "நம்பர் விழுந்துருச்சு. ஒண்ணுமே இல்ல இப்ப."

அவளுக்குக் கழுத்து வலி மறந்துபோனது. ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலிருந்த படத்தைப் பார்த்தாள். அந்த ஃப்யூஸில் இரண்டே விளக்குகள். கூரை விளக்கு அவள் விரலுக்கடியில் அணைந்திருந்தது. மிச்சம் டிக்கி விளக்கு. ஃப்யூஸைத் திரும்பச் செருகிவிட்டு வெளியே வந்து, டிக்கி விளக்குதான் என்றாள்.

"டிக்கி மூடுனா அது அணைஞ்சிரும் புள்ள. எல்லாக் கார்லயும் அப்படித்தான்."

"அந்த பல்பக் கழட்டிட்டு மீட்டரப் பாத்தாத் தெரிஞ்சு போகுமுங்க."

"அதெல்லாம் வேண்டாம். ஸ்டார்ட் ஆகுதான்னு ஒருக்கா பாத்தர்லாம்." சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, பழக்கத்தில் சாவியைத் திருப்பிவிட்டான்.

"ஐயோ, மீட்டரு மாட்டியிருக்குங்க, அத்தன கரண்ட்டு தாங்காது!"

டப்பென்று ஒரு சின்னச் சத்தம். மீட்டரில் எண்கள் நின்றுபோயின. தட்டினான், ஆட்டினான், கம்பியை மாற்றிச் செருகினான். கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்த மீட்டர். "போச்சு," என்றான். "திருப்தியா உனக்கு?" பேட்டரியின் முனையைப் பழையபடி முறுக்கி, பானெட்டை அறைந்து சாத்தினான்.

அகல்யா பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். விளக்கு எரிந்தது. திறந்தால் எரியத்தானே செய்யும். டிக்கியின் தரையில் பொன்னி அரிசிச் சாக்குகளைப் பிரித்து அடுக்கி, ஓரங்களை விளிம்புக்கு மேலே மடித்து விட்டிருந்தான் கந்தசாமி. சாமான் ஏற்றும்போது பெயின்டில் கீறல் விழுந்தால் விற்கிற விலை குறையுமாம். வாங்கி இரண்டு வருடமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறைகளைக் கழற்ற விடாதவன். அகல்யா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உள்ளே ஏறி, முழங்காலை மடித்துப் படுத்தாள்.

"லூசா நீ?"

"மூடுங்க. எரியுதா அணையுதான்னு உள்ள இருந்தாத்தான் தெரியும்."

"மூச்சு முட்டிச் சாகப்போற. இறங்கு மொதல்ல."

"ஒரு நிமிசமுங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

அவன் சுற்றிலும் பார்த்துக்கொண்டான். தேஷ்முக் இல்லை. மூடி இறங்கி, பூட்டு விழுந்தது.

விளக்கு அணையவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் தன் முழங்கால், ஸ்டெப்னி டயர், சாக்கில் ஒட்டிய நான்கைந்து அரிசி எல்லாம் தெரிந்தன. இத்தனை நாளும் பகலும் இரவும் இந்தப் பெட்டிக்குள் இப்படியேதான் எரிந்திருக்கிறது. விளிம்பைப் பார்த்தாள். மடித்துவிட்ட சாக்கின் தடிப்பில் மூடி பூட்டியும் ஒரு நூலளவு தூக்கி நின்றது. அதனால் விளக்கை அணைக்கும் பொத்தான் மேல் மூடி படவே இல்லை. சாக்கை இழுத்தாள். மூடி அமுங்கி, இருட்டானது. உள்ளங்கையால் மூடியை மெல்ல மேலே தள்ளினாள். வெளிச்சம். விட்டாள். இருட்டு.

"ஆப்டுருச்சுங்க!" இரும்பைத் தட்டினாள். "சாக்குதானுங்க. வேற ஒண்ணுமேயில்ல!"

வெளியே அவன் செல்ஃபோன் அடித்தது. "ஹாங், ரஃபீக் பாய்," என்ற குரல் தலைக்கு நேர் மேலே கேட்டது. கோளாறு ஆப்டுருச்சு, வர வேண்டாம் என்று அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள். ரஃபீக் பாய் ஏதோ பேசிக்கொண்டிருக்க வேண்டும். கந்தசாமி நகரவில்லை, மூடியைத் திறக்கவுமில்லை. அகல்யா இருட்டில் அரிசி வாசனையோடு காதைத் தகட்டில் வைத்துக் கிடந்தாள். அவன் கையிலிருந்த சாவிக்கொத்து மூடியின்மேல் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, பிறகு நிறுத்தம், பிறகு இன்னொன்று.